மாதிரி இருமல்

"சார், இது கக்குவான் இல்ல. என்கிட்ட ஆதாரமே இருக்கு" என்றார் டாக்டர். மேசை இழுப்பறையிலிருந்து கைப்பேசியை எடுத்து எதையோ தேடி, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அறைக்குள் ஒரு குழந்தை இருமத் தொடங்கியது. அடுக்கடுக்காக, மூச்சு விட இடமில்லாமல் இருமிக்கொண்டே போய், முடிவில் மூச்சை உள்ளே இழுத்தபோது தூரத்து ரயில் மாதிரி நீளமாக ஒரு கூவல் எழுந்தது. அதன் பின் ஒரு பெண் குரல் நிதானமாக, "இதுவே கக்குவான் இருமல். நன்கு கவனிக்கவும்" என்றது.

"இப்ப உங்க இருமலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சம்பந்தமே இல்ல. உங்களுக்குத் தெரியாததா சார்?"

எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் என்ன. கைப்பேசியில் இருமியது குழந்தை அல்ல. அவரேதான்.

சுகாதாரத் துறையில் அவரை எல்லோரும் 'இருமல் சார்' என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே, ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில் எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் அவர் சுகாதாரக் கல்வி அலுவலர். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தியவர். ஜனங்களும் போட்டார்கள். நோய் போய்விட்டது. போகும்போது துறைக்கு ஒரு சங்கடத்தை வைத்துவிட்டுப் போனது. புதிதாக வரும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கக்குவான் எப்படியிருக்கும் என்று கேட்கக் கொடுக்க ஒரு நோயாளி இல்லை.

பயிற்சி மையம் ஓர் ஒலிப்பதிவு தயாரிக்க முடிவு செய்தது. அதற்கு ஒரு குழு. குழு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிவிட்டு, இருமுகிற குழந்தை எங்கும் கிடைக்கவில்லை என்று ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. வருத்தத்தை மகிழ்ச்சி என்று திருத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நாள் வேறு குறித்தாகிவிட்டது. அப்போதுதான் இவர் எழுந்து, "சின்ன வயசுல என் தம்பிக்கு இது வந்துச்சு, கேட்டிருக்கேன். வேணும்னா நான் இருமிக் காட்டட்டுமா?" என்றார்.

காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அன்றைய இயக்குநர், "கூவல் போதல" என்றார். நீட்டினார். "இன்னும் கொஞ்சம் உருக்கமா." உருகினார். இருமலுக்கும் கூவலுக்கும் நடுவில் இவர் விட்ட மௌனத்தை ஒலிப்பதிவாளருக்குப் பிடிக்கவில்லை. கேட்கிறவர்கள் பதிவு அறுந்துவிட்டது என்று நினைப்பார்களாம். அதை வெட்டி எறிந்தார்கள். மாலைக்குள், உலகத்தில் எந்தக் குழந்தையும் இருமியிராத ஓர் இருமல் தயாராகிவிட்டது. கேட்க மிக நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு அவர் இருமாத மேடை இல்லை. மகளின் கல்யாண வரவேற்பில்கூட, துறைக்காரர்கள் மைக்கைக் கையில் திணித்து "சார், ஒரே ஒரு தடவை" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பிறகு கைதட்டினார்கள். மனைவி மட்டும் கடைசிவரை ரசிகையாகவில்லை. "ஜன்னல்கிட்ட நின்னு பயிற்சி பண்ணாதீங்க. வீட்டுல யாருக்கோ சீக்குன்னு தெரு பூரா பேசும்" என்பாள். அவள் போய்ச் சில வருஷங்களாகின்றன. இப்போது ஜன்னலோரம் நின்று நிஜமாகவே இருமுகிறார். யாரும் எதுவும் சொல்வதில்லை.

டாக்டர் சொன்னதில் அவருக்கு வந்த சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இதே நகரத்தின் இன்னொரு கோடியில், பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள். பிறந்த அன்று இவருக்கு ஜலதோஷம்; போகவில்லை. ஜலதோஷம் இருமலாயிற்று, மகள் அழைக்கவில்லை. பேத்தியை இதுவரை கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறார். அதில் அவள் பெரும்பாலும் ஒரு காது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கப்பா. கக்குவான் இல்லன்னு சொல்லிட்டா தாராளமா வாங்க. இப்ப அது மறுபடி வருதாம்" என்றிருந்தாள் மகள்.

"யார் சொன்னது?"

"இங்க ஆஸ்பத்திரில எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லுவாங்க. அதை ஒழிச்சது யாரு? உங்கப்பன்."

பிரசவத்துக்கு முன்னால் அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். கர்ப்பிணியும், குழந்தையைத் தூக்கப்போகிற பெரியவர்களும் ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். சின்ன வயதில் போட்டது இத்தனை வருஷத்துக்குத் தாங்காதாம். "எனக்கே ஊசியா? உனக்கும் வேண்டாம்" என்று சிரித்தவர், போனை வைத்த பின்பும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்க யாரும் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் மகளைக் கூப்பிட்டார். "இல்லையாம். ஆதாரத்தோட சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"சரிப்பா. சீக்கிரமே வந்துடுங்க. அவ காலைலதான் முழிச்சிருப்பா."

வீட்டுக்கு வந்தபோது கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, தன் சின்ன மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை வாளியின் மேல் குனிந்து இருமி, கொஞ்சம் வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் துணிக்குவியலுக்குள் ஓடிவிட்டது.

"என்னம்மா, டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினேன் சார். ஒரு இருமலைப் போட்டுக் காட்டினாரு. அது மாதிரி இல்லையாம், மருந்து எழுதிக் கொடுத்தாரு." அவள் முகத்தில் மரியாதை பரவியது. "அது உங்க குரலாமே?"

"ஆமா. அந்தக் காலத்துல கொடுத்தது" என்றார், பாட்டுக் கச்சேரி பற்றிச் சொல்வதுபோல. "ஊசியெல்லாம் போட்டாச்சா பாப்பாவுக்கு?"

"முதல்ல போட வேண்டியதெல்லாம் போட்டாச்சு. அப்புறம் ஒண்ணு போடணும்னாங்க. அந்த நோய்தான் இல்லையே, எதுக்குப் பிள்ளைய அழ வெக்கணும்னு விட்டுட்டேன். நீங்ககூட அன்னிக்கு மேடைல பேசினீங்களே, ஒழிச்சாச்சுன்னு."

தான் பேசியது ஒருவருக்காவது நினைவிருக்கிறதே என்று அவருக்கு மனம் குளிர்ந்தது. குழந்தையின் தலையைத் தட்டிவிட்டு, படியில் ஒருமுறை நின்று இருமிவிட்டு மேலே போனார்.

சனிக்கிழமை பயிற்சி மையத்தில் விழா. விழா என்று சொல்லக்கூடாது. 'புத்தறிவூட்டல் அமர்வு' என்று வாசலில் துணி கட்டியிருந்தது. கக்குவான் திரும்பி வருவதாக மற்ற ஊர்களிலிருந்து வந்த செய்திகளை அடுத்து, அது இங்கே வரவில்லை என்பதை ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்ல ஏற்பாடு. இப்போதைய இயக்குநர் பேச்சில் கெட்டிக்காரர். எந்த வாக்கியத்தையும் அது முடிய வேண்டிய இடத்தில் முடிக்கமாட்டார்.

"நம்மிடம் ஆயிரக்கணக்கான இருமல்கள் வந்தன. அத்தனையையும் நமது மாதிரி ஒலிப்பதிவோடு ஒப்பிட்டோம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்பதை, இந்த மன்றத்தில், மிகுந்த பெருமிதத்தோடு, அந்த ஒலிப்பதிவின் நாயகர் முன்னிலையிலேயே தெரிவித்துக்கொள்வதில்..." என்று போய்க்கொண்டே இருந்து, "சார், இளைஞர்களுக்காக நேரடியாக ஒருமுறை" என்று மைக்கை நீட்டினார்.

இருமல் சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்களை மூடினார். அடுக்கு, ஏற்றம், கூவல். வயதானாலும் கூவல் பிசிறவில்லை. அரங்கம் கைதட்டியது. சிலர் கைப்பேசியில் பதிவு செய்தார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் தொண்டையின் அடியில் ஏதோ கிளறியது. பொய்யிருமல் நிஜத்தை எழுப்பிவிட்டது.

இருமினார். பிறகு நிற்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வந்து, உள்ளேயிருந்த காற்றையெல்லாம் துரத்தியது. மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். காற்று தீர்ந்த பிறகும் உடம்பு இருமியது, சத்தமில்லாமல். மூச்சை உள்ளே இழுக்க வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. கதவு அடைத்துக்கொண்ட மாதிரி. கண்ணுக்குள் மேடை இருண்டது. பிறகு ஒரு சின்ன விசில் அளவுக்குக்கூட இல்லாமல் காற்று கசிந்து உள்ளே வந்தது. கைக்குட்டையில் கோழை நூலாக நீண்டது. யாரோ தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள்.

"நண்பர்களே, நல்ல வாய்ப்பு" என்றார் இயக்குநர். "முதலில் கேட்டது கக்குவான். இரண்டாவதாகக் கேட்டது வயதானவர்களுக்குச் சாதாரணமாக வரும் தூசி இருமல். வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? இனி யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

எல்லோரும் தலையசைத்தார்கள்.

அவர் மேசையைப் பிடித்தபடியே நின்றார். தம்பி வாசல் படியில் உட்கார்ந்த அம்மாவின் முழங்காலில் குப்புறக் கிடந்தது கண்ணில் தெரிந்தது. கூவல் எப்போதோ சில தடவைதான் வந்தது. மற்ற நேரமெல்லாம் இதுதான்: சத்தமில்லாத வாய், கறுத்துப்போகும் உதடு, காத்திருக்கும் அம்மாவின் முகம். கூவல் கேட்டால் வீடு பெருமூச்சு விடும், பையன் திரும்பி வந்துவிட்டான் என்று. கடைசி நாளில் கூவல் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று இருமியபோது, தெரியாமலே அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் இருமியிருக்கிறார். அதைத்தான் வெட்டி எறிந்தார்கள்.

மைக்கைப் பிடித்தார். "ரெண்டாவதுதான்" என்றார். குரல் கரகரத்தது. "கக்குவான் ரெண்டாவதுதான். முதல்ல கேட்டது நான் செஞ்சது."

அரங்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தது. "சார் எப்பவும் இப்படித்தான்" என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது கேடயத்தை அவர் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று மகளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் வரலம்மா."

"ஏன்ப்பா? டாக்டர்தான் இல்லன்னு சொன்னாரே?"

"அவர் அந்தப் பதிவுல என்னைக் கேட்டுல்ல சொன்னார்."

"புரியல."

"எனக்கு அதுதான்மா. கக்குவான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு." அவர் அவசரமாகத் தொடர்ந்தார்: "நீயும் ஊசி போட்டுக்கல... மாசமா இருக்கறப்பவே அம்மாக்காரி போட்டுக்கிட்டா, பிள்ளைக்குக் கொஞ்சமாவது காப்பு இருக்கும்னு சொல்றாங்க. நீ கேட்டப்ப நான்தான் வேண்டாம்னேன். நான்தான்..."

"போட்டுக்கிட்டேன்ப்பா."

"என்னது?"

"ஏழாம் மாசம். நீங்க வேண்டாம்னு சொன்ன மறுநாளே போய்ப் போட்டுக்கிட்டேன். உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

வாழ்நாளில் அவர் கேட்ட மிக நல்ல செய்தி அதுதான். தன் பேச்சை மகள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் அதே செய்தியில்தான் இருந்தது. கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நல்ல வேலை பண்ணின" என்றார். பிறகு இன்னொரு முறை, "நல்ல வேலை பண்ணினம்மா."

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனார். "மூக்குல குச்சி விட்டு மாதிரி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்புங்க."

"அனுப்ப முடியாது சார். கூவல் இருந்தாத்தான் மாதிரி எடுக்கணும்னு மையத்தோட உத்தரவு. உங்க பதிவு வந்தப்ப போட்ட உத்தரவுதான்."

"பெரியவங்களுக்குக் கூவலே வராம இருக்கும்."

"இருக்கலாம் சார். ஆனா பதிவுல வருதே."

இருமல் சார் அந்த இளைஞரை உற்றுப் பார்த்தார். நல்ல பிள்ளை. நன்றாகப் படித்தவர். பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி அந்தப் பதிவைக் கேட்டவர். இவரோடு வாதாடுவது தன்னோடு தானே வாதாடுவதற்குச் சமம்.

நாற்காலியில் நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்களை மூடினார்.

அடுக்கு. ஏற்றம். கூவல்.

டாக்டர் நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டார். "ஐயோ சார்! இது அதேதான்! அச்சு அசல்!" நர்ஸைக் கூப்பிட்டார், முகத்துக்கு முகமூடி மாட்டினார், ஜன்னலைத் திறந்தார். குச்சி வந்தது, மாதிரி எடுத்தார்கள், முடிவு வருவதற்கு முன்பே மாத்திரையும் எழுதினார்கள். "இவ்வளவு முத்திப்போயிருக்கே, முன்னாடியே இப்படி இருமியிருக்கக் கூடாதா சார்?" என்று டாக்டர் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

"தப்புதான்" என்றார் இவர். "என் வீட்டுக்குக் கீழ ஒரு பாப்பா இருக்கு. அதுக்கும் பாருங்க."

"தையல்கார அம்மாவோட பொண்ணா? அது கூவலையே சார்."

"இப்ப கூவுது. என்னைவிட நல்லாக் கூவுது."

"அப்ப உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க!"

படியிறங்கும்போதே யோசித்துக்கொண்டு வந்தார்: அந்தக் குழந்தைக்கு இன்று சாயங்காலத்துக்குள் கூவக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

குழந்தை உடனே பிடித்துக்கொண்டது. அடுத்த அறையிலிருந்து கதவிடுக்கு வழியாக இவர் செய்துகாட்ட, அது தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து ரயில் விட்டது. தையல்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"இது ஒண்ணும் பண்ணாதும்மா. மத்ததுதான் பண்ணும். கூவாம நின்னா, உதடு கறுத்தா, யாரையும் கேக்காத. தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

இரண்டு பேருக்கும் கக்குவான்தான் என்று முடிவு வந்தது. இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டபோது குரலில் குதூகலம் இருந்தது. "சார், வரலாறு! உங்க பதிவு உங்களையே கண்டுபிடிச்சிருக்கு! பக்கத்துலயே ஒரு குழந்தையையும்! இதைவிட என்ன சான்று வேணும்?"

"அந்தப் பதிவைத் தூக்கிடுங்க. இல்லன்னா நடுவுல வெட்டினதைத் திரும்பச் சேருங்க."

"எதை?"

"மௌனத்தை."

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "மௌனத்தை எப்படி சார் ஸ்பீக்கர்ல போடறது? பின்னாடி வரிசைக்குக் கேக்காதே" என்றார், உண்மையான கவலையோடு.

மாத்திரை முடிந்த பிறகு மகள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த முறை இவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. பேத்திக்கு முதல் ஊசி போட்ட பிறகு பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். முதலில் தனக்கு ஓர் ஊசி போடச் சொல்லி டாக்டரிடமும் கேட்டுவைத்தார். டாக்டர் திகைத்து, "உங்களுக்கா சார்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இவருக்குத் தெரியும்.

கேடயங்கள் இரண்டும் அலமாரியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இருமல் போவதாக இல்லை. மாதக்கணக்கில் இருக்குமாம். வீட்டில் அதுதான் இப்போது கூட இருக்கிறது. கூப்பிடாமல் வரும், சொல்லாமல் போகும். கீழே குழந்தை தேறிவந்தது. கூவலை மட்டும் விடவில்லை. துணி தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். "தூங்கறாப்பா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம். போனை அவ பக்கத்துல வை. நீ பேசாத."

"எதுக்கு?"

"மூச்சு விடறது கேக்கணும்."

அவள் வைத்தாள். முதலில் போர்வை உரசும் சத்தம். பிறகு எங்கோ ஒரு பாத்திரம். அதற்கும் பின்னால், மிகச் சின்னதாக, சீராக இல்லாமல், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அவர் காதோடு போனை அழுத்தினார். சில நொடி நின்றது. இவருடையதும் நின்றது. பிறகு ஒரு பெருமூச்சோடு அது மறுபடி தொடங்கியது.

அப்போதுதான் தொண்டையில் கிளறியது. போனை மெல்லத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்று இருமினார். முடிந்து, சத்தமில்லாத அந்த இடத்தைக் கடந்து, காற்று உள்ளே வரும்வரை நின்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அப்பா? அப்பா, இருக்கீங்களா? ஒரு சத்தமும் இல்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"கட்டாகல. இருக்கேன்" என்றார். "நீ போனை அவ பக்கத்துலயே வை."